பல பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை அரபுக்குக் கொண்டுபோவது எப்படி? புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்கு

'சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஓர் ஆங்கில-அரபு அகராதியில் எடுத்துப் பாருங்கள். துஹ்மா, ருசூம், ஷஹ்ன், மஸ்ஊலிய்யா என்று வரிசையாகக் கொட்டும். துஹ்மா என்றால் குற்றச்சாட்டு. ருசூம் என்றால் கட்டணம். ஷஹ்ன் என்றால் பேட்டரிக்கு மின்னேற்றுவது, சரக்கு ஏற்றி அனுப்புவதும் அதுவே. மஸ்ஊலிய்யா என்றால் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வந்தவர் பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்து வைத்தால், 'டெலிவரி சார்ஜ் பத்து திர்ஹம்' என்பது 'விநியோகக் குற்றச்சாட்டு பத்து திர்ஹம்' என்று ஆகிவிடும். இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. வாடகை ஒப்பந்தத்திலோ மருத்துவ அறிக்கையிலோ வரும் பிழைகள் அப்படி இல்லை.

மதரஸாவிலோ கல்லூரியிலோ அரபு படித்துவிட்டு வளைகுடாவில் ஒரு அலுவலகம், டைப்பிங் சென்டர், மருத்துவமனை என்று எங்காவது உட்கார்ந்து, ஆங்கிலக் காகிதத்தை அரபில் மாற்றித் தரும் வேலை தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கணம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸீனுக்கும் ஸாதுக்கும், ஹாவுக்கும் ஹாவுக்கும் தமிழில் வித்தியாசம் காட்ட முடியாது. அதனால் எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

ஆங்கிலத்திலிருந்து நேராக அரபுக்குத் தாவாதீர்கள். நடுவில் தமிழில் நின்றுவிட்டுப் போங்கள். தமிழர்களுக்கு இது ஓசியில் கிடைத்த வசதி. 'பேட்டரி சார்ஜ்', 'போலீஸ் சார்ஜ்', 'சர்வீஸ் சார்ஜ்' மூன்றையும் ஆங்கிலச் சொல்லைத் தொடாமல் தமிழில் சொல்ல முயன்றால் மின்னேற்றம், குற்றச்சாட்டு, கட்டணம் என்று தானாகப் பிரிந்துவிடும். பிரிந்த பிறகு அரபுச் சொல்லைத் தேடினால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'ரைட்' என்பதும் அப்படித்தான். உரிமை என்றால் ஹக், வலது என்றால் யமீன், சரி என்றால் ஸஹீஹ். 'லைட்' என்பதில் வெளிச்சம் என்றால் ளவ்வு, எடை குறைவு என்றால் கஃபீஃப், வெளிர்நிறம் என்றால் ஃபாதிஹ்.

ஆனால் இந்தச் சல்லடையில் ஓட்டைகள் உண்டு. உறவுமுறையில்தான் அது நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்று வந்தால், அப்பாவின் சகோதரர் அம்ம், அம்மாவின் சகோதரர் கால் என்று அரபு இரண்டாகப் பிரிக்கும். நமக்கும் சித்தப்பா வேறு, மாமா வேறு என்பதால் எளிது என்று தோன்றும். ஆனால் நாம் அம்மாவின் அக்கா கணவரையும் பெரியப்பா என்றுதானே கூப்பிடுகிறோம்? அவர் அரபில் அம்ம் இல்லை, ஸவ்ஜ் அல்-காலா, அதாவது சின்னம்மா, பெரியம்மா முறை உள்ளவரின் கணவர். அத்தை கணவரை மாமா என்கிறோம். அவரும் கால் இல்லை. கடிதத்தில் இது பெரிய விஷயம் இல்லை. வாரிசுச் சான்றிதழில் பெரிய விஷயம். இஸ்லாமிய வாரிசுச் சட்டத்தில் தந்தையின் சகோதரர் ஒரு வரிசையில் வருவார், தாயின் சகோதரர் அதற்கு வெகுதூரம் பின்னால் வேறொரு வகையில் வருவார், அத்தை கணவருக்கு அந்த உறவால் பங்கே கிடையாது. அதனால் 'அங்கிள்' என்று கண்டால் உடனே எழுதாதீர்கள். காகிதம் கொண்டு வந்தவரிடம் 'அப்பா வழியா, அம்மா வழியா, கூடப் பிறந்தவரா, கட்டிக்கொடுத்த வழியா?' என்று கேட்டுவிடுங்கள்.

பேரீச்சம்பழமும் இன்னொரு ஓட்டை. ஆங்கிலத்தில் 'டேட்' என்றால் தேதியும் பழமும். தேதி என்றால் தாரீக், சந்திப்புக்குக் குறித்த நேரம் என்றால் மவ்இத். பழம் என்று தமிழில் தெளிந்த பிறகும் வேலை முடியாது. காய்ந்து முதிர்ந்தது தம்ர், கனிந்து ஈரமாக இருப்பது ருதப், அதற்கு முந்தைய, நிறம் மாறிய கெட்டிக் காய் புஸ்ர். கடை விலைப்பட்டியலில் எல்லாவற்றையும் தம்ர் என்று எழுதினால் வாங்க வருபவர் கேள்வி கேட்பார்.

இது யாருடைய காகிதம்?

ஒரே சொல் மருத்துவமனையில் ஒன்று, நீதிமன்றத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று. எனவே ஆவணத்தின் தலைப்பையும், அது யாரிடம் போகிறது என்பதையும் முதலில் பாருங்கள். சொல்லை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

மருத்துவமனைக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'மூன்றாம் நாள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆனார். காயத்திலிருந்து டிஸ்சார்ஜ் இல்லை' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. முதல் டிஸ்சார்ஜ் குரூஜ், வெளியேறுவது. சவூதியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும், ஃபைனல் எக்ஸிட் அடிப்பதற்குக் குரூஜ் நிஹாயீ என்பார்களே, அதே குரூஜ்தான். இரண்டாவது டிஸ்சார்ஜ் இஃப்ராஸாத், புண்ணிலிருந்து வடியும் நீர், சீழ். இரண்டையும் குரூஜ் என்று எழுதினால் காயத்திலிருந்து யாரோ வெளியேறுவது போல் ஆகும். அதே சொல் கடன் தீர்ந்த கடிதத்தில் வந்தால் இப்ராஉ திம்மா, படைவீரரைப் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவில் வந்தால் தஸ்ரீஹ், பேட்டரி விஷயத்தில் தஃப்ரீக். ஐந்துக்கும் பொதுவான ஓர் அரபுச் சொல்லைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் பயம் இருக்கட்டும். 'டிரக்ஸ்' என்ற சொல்லுக்கு அத்வியா என்றால் மருந்துகள், முகத்திராத் என்றால் போதைப்பொருள். மேலாளர் நல்லெண்ணத்தில் 'இந்த ஊழியர் தன் டிரக்ஸைத் தன்னுடன் எடுத்து வருகிறார்' என்று ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்திருப்பார். மொழிபெயர்ப்புச் செயலியில் வெறும் அந்த ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, வந்ததை ஒட்டாதீர்கள். விமான நிலையச் சுங்கத்தில் காட்டும் கடிதம் அது.

வங்கிக் காகிதத்தில் 'இன்ட்ரஸ்ட்' வரும். வட்டி என்றால் ஃபாயிதா. சிலர் மார்க்க உணர்வில் ரிபா என்று எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாம். ரிபா என்பது மார்க்கத் தீர்ப்பைச் சேர்த்துச் சொல்லும் சொல். சாதாரண வங்கி தன் ஒப்பந்தத்தில் ஃபாயிதா என்றுதான் எழுதும், இஸ்லாமிய வங்கி ரிப்ஹ், அதாவது லாபம், என்று எழுதும். மொழிபெயர்ப்பவர் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. அதே 'இன்ட்ரஸ்ட்' ஆர்வம் என்ற பொருளில் இஹ்திமாம், நலன் என்ற பொருளில் மஸ்லஹா. நிறுவன விதிகளில் அடிக்கடி வரும் 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பது தளாருப் அல்-மஸாலிஹ்.

ஒப்பந்தங்களில் 'பார்ட்டி' இல்லாத பக்கமே கிடையாது. கொண்டாட்டம் ஹஃப்லா, கட்சி ஹிஸ்ப், ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தரஃப். நம் தரப்பு என்ற சொல்லின் சாயல் இதில் தெரியும், நினைவில் வைத்துக்கொள்ள எளிது. ஆனால் வண்டிக்கு எடுக்கும் 'தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ்' என்று வந்தால் தரஃபையும் விட்டுவிடுங்கள். வளைகுடாவில் அதை தஃமீன் ளித்த அல்-கைர் என்பார்கள், மற்றவருக்கு எதிரான காப்பீடு என்று.

படிவங்களில் ஒற்றைச் சொல்லாக நிற்பவை இன்னும் மோசம், பக்கத்தில் உதவிக்கு ஒன்றும் இருக்காது. 'டைட்டில்' என்று ஒரு கட்டம். புத்தகத் தலைப்பு என்றால் உன்வான், திரு, திருமதி, டாக்டர் என்றால் லகப், வேலைப் பதவி என்றால் அல்-முஸம்மா அல்-வளீஃபீ, சொத்துப் பத்திரம் என்றால் சனத் மில்கிய்யா. உன்வான் என்பதற்கு முகவரி என்றும் பொருள் இருக்கிறது. திரு, திருமதி எழுத வேண்டிய கட்டத்தில் நீங்கள் உன்வான் என்று போட்டால், வரும் படிவங்கள் எல்லாவற்றிலும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் தெருப்பெயரும் பி.ஓ. பாக்ஸ் எண்ணும்தான் இருக்கும்.

பக்கத்துச் சொல்தான் முடிவு செய்யும்

9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னணியில் இருந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அந்தக் கால மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு வகை என்று 14-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் அஸ்-ஸஃபதீ குறித்திருக்கிறார். ஒரு வகையினர் ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கும் ஓர் அரபுச் சொல்லைத் தேடிவைத்துக்கொண்டே போவார்கள். ஹுனைன் வழியினர் வாக்கியம் முழுவதையும் படித்து, அதன் பொருளை மனத்தில் வாங்கி, அரபில் வேறு வாக்கியம் எழுதுவார்கள். இரண்டாவதுதான் சிறந்தது என்பது அஸ்-ஸஃபதீயின் கட்சி. இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரே ஒரு சொல்லை வைத்து இதைக் காட்ட முடியும்.

'ஹெவி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதி ஸகீல் என்று சொல்லும், எடை உள்ள எதற்கும் அது பொருந்தும். கட்டுமானத் தளத்தில் 'ஹெவி எக்விப்மென்ட்' என்றால் முஅத்தாத் ஸகீலா, சரிதான். ஆனால் 'ஹெவி ரெயின்' என்பது அம்தார் கஸீரா, ஏராளமான மழை. 'ஹெவி டிராஃபிக்' ஸிஹாம் ஷதீத், கடும் நெரிசல். 'ஹெவி லாஸ்' கஸாயிர் ஃபாதிஹா. 'ஹெவி ஸ்மோக்கர்' முதக்கின் ஷரிஹ், பெருந்தீனிக்காரனுக்குச் சொல்லும் சொல்லைப் புகைப்பவருக்குச் சொல்கிறார்கள். ஆழ்ந்த தூக்கம் நவ்ம் அமீக், இங்கே அரபும் தமிழும் ஒரே மாதிரி ஆழத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெயும் நெய்யும் மிதக்கும் சாப்பாடு வஜ்பா தஸிமா. அப்புறம் ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் டீ' என்கிறோமே, அது அரபில் ஷாய் ஸகீல். ஹெவி என்று ஆங்கிலம் சொல்லாத இடத்தில் அரபு ஸகீல் என்கிறது. ஆளைப் பார்த்து ஸகீலுத் தம், கனத்த ரத்தக்காரர், என்றால் அறுவைப் பேர்வழி என்று அர்த்தம். எடைபோட்டுச் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள்.

கனமழையை அம்தார் ஸகீலா என்று எழுதினால் யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் படிப்பவர் இது மொழிபெயர்ப்பு என்று அடுத்த நொடி கண்டுபிடித்துவிடுவார். எனவே பெயரடையைத் தனியாக மொழிபெயர்க்காதீர்கள், எதற்கு முன்னால் நிற்கிறதோ அந்தப் பெயரோடு சேர்த்தே தேடுங்கள். மழை என்ற அரபுச் சொல்லை இணையத் தேடலில் போட்டு, அரபு நாளிதழ்கள் அதனுடன் எந்தச் சொல்லைச் சேர்க்கின்றன என்று பாருங்கள். இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அப்படி ஒரு சேர்க்கை புழக்கத்தில் இருக்கிறதா என்பது கையோடு தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் நான் அகராதிக்கு முன்னால் இதைத்தான் செய்வேன்.

வினைச்சொல்லுக்கும் இதே கதைதான். 'ரன்' என்பதில் மனிதர் ஓடினால் யர்குள், ஆறு ஓடினால் யஜ்ரீ, நிறுவனத்தை நடத்தினால் யுதீர், நிரலை இயக்கினால் யுஷக்கில், தேர்தலில் நின்றால் யதரஷ்ஷஹ்.

எந்த நாட்டுக்காரர் படிக்கப் போகிறார்?

எழுத்து அரபு எல்லா நாட்டுக்கும் பொது என்று பாடத்தில் படித்திருப்போம். பெரும்பாலும் உண்மை. ஆனால் மாதப் பெயரிலேயே அது உடையும். 'மே' என்பதை 'கூடும்' என்ற வினையாக இல்லாமல் மாதமாக அடையாளம் கண்டுபிடித்துவிட்டீர்கள், சரி. எகிப்திலும் வளைகுடாவிலும் அது மாயூ, சிரியா, லெபனான், ஈராக்கில் அய்யார். ஜனவரி எகிப்தில் யனாயிர், லெபனானில் கானூன் அஸ்-ஸானீ, துனீசியாவிலும் அல்ஜீரியாவிலும் ஜான்ஃபி. ஐ.நா. ஆவணங்களில் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டுச் சேர்த்தே எழுதுவார்கள். யார் படிப்பார்கள் என்று தெரியாதபோது நீங்களும் அப்படியே செய்யலாம்.

கைபேசி சவூதியில் ஜவ்வால், எகிப்தில் மஹ்மூல், லெபனானில் கல்யவீ. எமிரேட்ஸ் அரசுப் படிவங்களில் முதஹர்ரிக். உணவகப் பட்டியலில் அய்ஷ் என்று எழுதும்போது கவனம்: எகிப்தியருக்கு அது ரொட்டி, வளைகுடாவின் பல பகுதிகளில் சோறு.

நமக்கே உரிய ஒரு கண்ணி

தமிழில் அரபுச் சொற்கள் நிறைய கலந்திருக்கின்றன, பெரும்பாலும் பாரசீகம், உருது வழியாக வந்தவை. தெரிந்த சொல்தானே என்று நம்பி எடுத்துவிடத் தோன்றும். வக்கீல் என்றால் நமக்கு வழக்கறிஞர். இன்றைய அரபில் வகீல் என்றால் முகவர், மற்றவருக்காகச் செயல்படுபவர். வழக்கறிஞர் முஹாமீ. நகல் நமக்குப் பிரதி. அரபில் நக்ல் என்ற பலகையைப் பார்த்தால் அது பெரும்பாலும் போக்குவரத்து, சரக்கு ஏற்றிச் செல்வது. பிரதிக்கு நுஸ்கா. அமல் நமக்கு நடைமுறை, அங்கே வேலை. ஆங்கிலத்தில் 'காப்பி', 'ஏஜென்ட்' என்று வரும்போது கை தானாக இந்தப் பழைய சொற்களுக்குப் போகும். ஏஜென்ட்டுக்கு வகீல் சரியாகவே பொருந்தும், காப்பிக்கு நக்ல் பொருந்தாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியதுதான்.

எழுதியதை அரபுக்காரராக மாறிப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. ஆங்கிலச் சொல்லின் பல பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். நாம் தேர்ந்த அரபுச் சொல்லுக்கும் பல பொருள் இருக்குமே.

ஃபஸ்ல் என்ற சொல்லைப் பாருங்கள். வேலையிலிருந்து நீக்குவது, புத்தகத்தின் அத்தியாயம், பள்ளி வகுப்பு, பருவகாலம், பிரிப்பது, எல்லாம் அதுவே. நம் வருவாய்த் துறை இன்னும் எழுதும் பசலி ஆண்டு இதே சொல்லின் பருவம் என்ற பொருளிலிருந்து வந்தது. ருசூம் கட்டணங்கள், வரைபடங்களும் அதுவே, கார்ட்டூன் படத்துக்கு ருசூம் முதஹர்ரிகா, அசையும் வரைபடங்கள். ஷாஹின் என்றால் சார்ஜர், ஷாஹினா என்றால் லாரி. அமீல் என்றால் வங்கியின் வாடிக்கையாளர். அதே சொல் எதிரிக்கு வேலை பார்க்கும் கைக்கூலியும் கூட. ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டை வகீல் என்பதற்குப் பதிலாக அமீல் என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரபில் குறில் உயிர்க்குறிகளைப் பொதுவாக எழுதுவதில்லை என்பது இதை இன்னும் சிக்கலாக்கும். மத்ரஸா என்றால் பள்ளி, முதர்ரிஸா என்றால் ஆசிரியை, குறி இல்லாமல் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். ஐன், லாம், மீம் மூன்றையும் எழுதிவிட்டால் அது இல்ம், அறிவாகவும் இருக்கலாம், அலம், கொடியாகவும் இருக்கலாம். உலகப் புகழ்பெற்ற ஒரு குழப்பமே இப்படி வந்தது. கணிதத்தில் நாம் 'சைன்' என்கிறோமே, அது சம்ஸ்கிருத ஜீவாவிலிருந்து அரபில் ஜீபா ஆயிற்று. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் ஜய்ப் என்று படித்தார்கள். ஜய்ப் என்றால் சட்டையின் மார்புப் பிளவு, பை. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் அதை மடிப்பு, மார்பு என்று பொருள்படும் சைனஸ் ஆக்கினார்கள். இன்றும் அரபுப் பாடநூலில் சைன் என்பது ஜய்ப், சட்டைப்பைக்கும் அதுவே பெயர்.

இதற்கு மருந்து எளியது. ஐயம் வரக்கூடிய சொல்லில் ஒரே ஒரு குறியை மட்டும் போடுங்கள். முதர்ரிஸாவில் ரா மேல் ஒரு ஷத்து போதும். பக்கம் முழுக்கக் குறி போட்டால் குழந்தைகள் பாடநூல் போல் ஆகிவிடும். குறி போட முடியாத இடத்தில் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். வெறும் ஃபஸ்ல் என்று விடாமல் ஃபஸ்ல் மினல் அமல், வேலையிலிருந்து நீக்கம், என்று எழுதினால் யாரும் அத்தியாயம் என்று நினைக்கமாட்டார்கள்.

எதை மேசையில் வைத்துக்கொள்வது?

ஆங்கிலத்திலிருந்து போக, முனீர் பஅல்பக்கீயின் அல்-மவ்ரித் 1967-இல் பெய்ரூத்தில் வந்ததிலிருந்து பலருக்கும் கைப்புத்தகம். பொருள்களை எண் போட்டுப் பிரித்திருப்பார், அந்த எண்களைக் கடைசிவரை படியுங்கள். திரும்பிச் சரிபார்க்க ஹான்ஸ் வேர் அகராதி, அது வேர்ச்சொல் வரிசையில் இருப்பதால் ஒரு சொல்லின் மற்றப் பொருள்களும் உறவுகளும் ஒரே இடத்தில் கண்ணில் படும். சட்டம், நிர்வாகம் என்றால் ஐ.நா.வின் யுஎன்டெர்ம் என்ற கலைச்சொல் தளம் இலவசம். மருத்துவத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கிழக்கு மத்திய தரைக்கடல் அலுவலகம் தரும் ஒருங்கிணைந்த மருத்துவ அகராதி. இவை எல்லாவற்றையும் விட உங்கள் அலுவலகத்திலேயே கிடக்கும் பழைய இருமொழி ஒப்பந்தங்கள் உதவும். அந்த அரபைத்தான் உங்கள் ஊர் அதிகாரி படித்துப் பழகியிருக்கிறார்.

மொழிபெயர்ப்புச் செயலியை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒற்றைச் சொல்லைக் கொடுக்காமல் முழு வாக்கியத்தையும், முடிந்தால் அதற்கு முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வந்ததை ஹான்ஸ் வேரில் தட்டிப் பாருங்கள்.

பொருள் தெளியவே இல்லை என்றால்

சில சமயம் ஆங்கிலமே இரண்டு பொருளில் நிற்கும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242-ஆம் தீர்மானம், 1967 நவம்பர் 22-இல் நிறைவேறியது, இதற்குப் பேர்போனது. இஸ்ரேலியப் படைகள் எந்த நிலப்பகுதிகளிலிருந்து விலக வேண்டும் என்ற இடத்தில் ஆங்கில மூலத்தில் 'தி' என்ற சுட்டுச்சொல் இல்லை, பிரெஞ்சில் அதற்கு இணையானது இருக்கிறது. எல்லாப் பகுதிகளுமா, சில பகுதிகளா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. அரபில் எழுதுபவருக்கு நடுவில் நிற்க இடமில்லை, அல் சேர்த்தால் ஒரு பொருள், சேர்க்காவிட்டால் இன்னொன்று.

நம் கைக்கு வருவது அவ்வளவு பெரிய காகிதமாக இருக்காது. ஆனாலும் சவூதியில் வேலை ஒப்பந்தம் இரு மொழியில் இருந்தால் சட்டப்படி அரபுப் பகுதிதான் செல்லும். நீங்கள் ஊகித்து எழுதியது ஒருவரின் நோட்டீஸ் காலத்தையோ சேவைப் பணத்தையோ மாற்றிவிடலாம். எனவே ஊகிக்காதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள். 'இந்த வரிக்கு இரண்டு பொருள் வருகிறது, எது உங்களுடையது?' என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் வரவில்லையா? இரண்டு பொருளும் வரும்படி எழுத அரபு இடம்கொடுத்தால் அப்படியே எழுதுங்கள். இடம்கொடுக்காவிட்டால் ஒன்றை எழுதி, பக்கத்தில் குறிப்புப் போட்டு, ஒப்படைக்கும்போது வாயாலும் சொல்லிவிடுங்கள். எமிரேட்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும் காகிதம் என்றால் நீதி அமைச்சகத்தின் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பிவிடுங்கள், நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அங்கே அவர் முத்திரை இல்லாமல் ஏற்கமாட்டார்கள்.